மேகசின் சாவிக்காகக் கெடங்கில் இறங்கியது

தாயில்பட்டிப் பக்கம் நான் வேலை பார்த்த வெடிக் கம்பெனிக்குப் பின்னால் ஒரு பழைய கல்குவாரி. கல் எடுத்தவர்கள் பள்ளத்தை விட்டுவிட்டுப் போனார்கள். மழை நிரப்பிவிட்டது. நாங்கள் கெடங்கு என்போம். வேலை விட்டதும் உடம்பில் ஒட்டிய வெள்ளிமருந்தை, அந்த அலுமினியப் பொடியை, கழுவ எல்லாரும் அங்கேதான் போவோம்.

ஒரு தீபாவளி சீசனில் மச்சான் மேகசின் சாவியை அதில் போட்டுவிட்டார். மச்சான் என்றால் என் அக்கா புருஷன், கம்பெனிக்குப் போர்மேன். மேகசின் என்பது செய்த வெடியை அடுக்கி வைக்கிற ரூம். சாவியை அரைஞாண் கயிற்றில் கட்டிக்கொண்டுதான் குளிப்பார். கயிறு இற்றுப்போயிருந்தது.

பூட்டை உடைக்கலாமே என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். உள்ளே ஒரு லோடு வெடி, வெளியே சுத்தியல். அந்த வேலைக்கு எங்கள் பக்கம் ஆள் கிடையாது.

இன்னொரு சாவி மொதலாளியிடம் இருந்தது. அவர் வடக்கே ஆர்டர் பிடிக்கப் போயிருந்தார். வெள்ளிக்கிழமை பூஜைக்கு வந்துவிடுவார். முந்தின போர்மேனை ஒரு வாளி தொலைந்ததற்காக வேலையை விட்டு அனுப்பினவர் அவர்.

"வேலை போனா கம்பெனி வீடும் போயிரும் மாப்ளே. உங்க அக்காவையும் பிள்ளைகளையும் உன் வீட்டுக்குத்தான் கூட்டிட்டு வரணும்" என்றார் மச்சான்.

என் வீடு ஒரே ரூம். அன்றைக்கே இறங்கினேன். பாதி ஆழத்தில் மூச்சு முட்டியது. தரை தட்டவில்லை.

வியாழக்கிழமை மச்சான் தூத்துக்குடிக்குப் போய்ச் சங்கு குளிக்கிற ஆள் ஒருத்தரைக் கூட்டிவந்தார். முதுகில் கட்டுகிற காற்றுச் சிலிண்டரும் கூடவே வந்தது. அதைப் பார்த்ததும் கரையில் நின்றவர்கள் பின்னால் போனார்கள். வாழ்நாளெல்லாம் அணுகுண்டு வெடி சுற்றிய ஆட்கள்.

"ஏலே, அதை வெயில்ல வைக்காத. நனைஞ்ச சாக்கைப் போடு" என்று கூட்டத்தில் ஒருத்தர் கத்தினார்.

"அண்ணாச்சி, உள்ள காத்துதான் இருக்கு" என்றார் தூத்துக்குடிக்காரர்.

"எம்புட்டுக் காத்து?"

சொன்னார். இன்னும் பின்னால் போனார்கள்.

அவர் கெடங்கைப் பார்த்தார். தண்ணீர்மேல் வெள்ளி மினுமினுத்தது. "கழிச்ச வெடியெல்லாம் எங்க கொட்டுவீக?" என்று கேட்டார். எல்லாரும் கெடங்கைப் பார்த்தோம். அவருக்குப் புரிந்துவிட்டது. "நான் எறங்கலை. சுறா இருந்தாலும் எறங்குவேன். இதுல மாட்டேன்."

நனைந்த வெடி வெடிக்காது என்று எடுத்துச் சொன்னோம். சாக்குப் போர்த்திய சிலிண்டரைக் காட்டிச் சிரித்தார். அவருக்கு எங்கள் தண்ணீர் பயம். எங்களுக்கு அவர் காற்று பயம். மச்சான் என்னைப் பார்த்தார். நான் சட்டையைக் கழற்றினேன்.

சிலிண்டரை முதுகில் கட்டினார். இடுப்பில் ஈயக்கட்டி. கண்ணுக்குக் கண்ணாடி. குழாயை வாயில் கொடுத்து, "வாயால மூச்சு விடுங்க. மேல வரும்போது அடக்காதீக, விட்டுக்கிட்டே வாங்க" என்றார். தலையாட்டினேன்.

கரையிலிருந்து பாறைப் படிகளில் இறங்கினேன். கழுத்தளவு வரை படிகள் எனக்குத் தெரியும். அதற்குக் கீழே தெரியாது. அதே பாதி ஆழத்தில் மூச்சு முட்டியது. மேலே வந்துவிட்டேன்.

தூத்துக்குடிக்காரர் மீட்டரைப் பார்த்தார். "போட்ட காத்து அப்படியே இருக்கு. எதுக்குச் சுமந்துட்டுப் போனீக?"

நான் மருந்து கலக்கிற ஆள். மருந்து ரூமில் மூக்கையும் வாயையும் துண்டால் கட்டிக்கொண்டு, மூச்சைப் பிடித்துப் பிடித்துத்தான் விடுவோம். வாயைத் திறந்து இழுத்தால் நெஞ்சுக்குள் வெள்ளி போகும். பல வருசப் பழக்கம். முதுகில் காற்று இருக்கிறது என்பதற்காக வாய் கேட்குமா.

"இழு மாப்ளே, இழு. அம்புட்டும் உனக்குத்தான்" என்று தூரத்திலிருந்து கத்தினார் மச்சான். கிட்டே வரவில்லை.

மறுபடி இறங்கினேன். இந்தத் தடவை இழுத்தேன். இருமல் வந்தது. அப்புறம் பழகிவிட்டது. என் வாழ்க்கையில் நான் இழுத்த சுத்தமான காற்று அதுதான். தரை வந்தது. சேறு. மச்சான் குளிக்கிற பாறைக்கு நேர் கீழே கையால் தடவினேன். ஒரு செருப்பு. ஊறிப்போன சரவெடி. ஒரு வாளி. அதன் பக்கத்தில் பித்தளைச் சாவி. சொன்னபடி மூச்சை விட்டுக்கொண்டே மேலே வந்தேன்.

சாவியைக் கையில் வாங்கிய மச்சான் அழுதார். அப்போது மொதலாளி கார் வந்து நின்றது. ஒருநாள் முன்னாலேயே வந்துவிட்டார்.

"என்னய்யா கூட்டம்?"

"குளிக்கோம் மொதலாளி" என்றார் மச்சான்.

மொதலாளி என் முதுகைப் பார்த்தார். "அது என்ன?"

"காத்து மொதலாளி."

அவரும் பின்னால் போனார். காரை எடுத்துத் தள்ளி நிறுத்தச் சொன்னார். "சீசன் நேரத்துல, மேகசினுக்குப் பின்னால, சிலிண்டர். லைசென்ஸ் இருக்கா? ஆபீசர் வந்தா கம்பெனியை மூடிருவான்."

அந்த நேரம் கரை வேப்பமரத்தடியில் சாக்கை விரித்துப் பொம்பளைகள் திரி வைத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு ஷெட்டும் கிடையாது, ரெஜிஸ்டரில் பேரும் கிடையாது. ஆபீசர் வருகிற அன்றைக்கு அவர்களுக்கு லீவு. அவர்களுக்கு நடுவில் நின்றுதான் லைசென்ஸ் கேட்டார்.

"பாதுகாப்பு தெரியாத போர்மேன் எனக்கு வேண்டாம். சாவியைக் குடு."

மச்சான் கொடுத்தார். ஈரம் காயவில்லை. மொதலாளி அதை வேட்டியில் துடைத்துப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

சாவி கிடைக்காமல் இருந்தாலும் வேலை போயிருக்கும். அப்படிப் போயிருந்தால், சிலிண்டரோடு நின்று காட்டிக்கொடுத்தாய் என்று மச்சான் என்னைத் திட்டியிருக்க மாட்டார்.

ஞாயிற்றுக்கிழமை அக்காவும் பிள்ளைகளும் சாமான்களோடு வந்து இறங்கினார்கள். சீசனில் ராத்திரி வீட்டிலும் நான் மருந்து கலக்குகிற தட்டுகளை ஓரங்கட்டிவிட்டு, அந்த இடத்திலேயே அக்கா அடுப்பு வைத்தாள்.