குழுவை விட்டு நீக்கினாள்

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், படப்பை டீக்கடை வாசலில், சனங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தங்கமாரியின் வலது கையை வனமாமலை இரும்புக் குழாயால் அடித்து ஒடித்தான். அவனை அவள் ஒரு வாட்ஸப் குழுவிலிருந்து நீக்கியிருந்தாள். வேறு பகை எதுவும் இல்லை.

தங்கமாரி சங்கரன்கோவில் பக்கத்துக்காரி. ஒரகடத்தில் கார்க் கண்ணாடி செய்யும் கம்பெனியில் லைன் வேலை. படப்பையில் ஒரு தனியார் பயிற்சி நிலையத்தில் வாரக்கடைசியில், கம்ப்யூட்டர் சொல்படி இரும்பைக் கடையும் சிஎன்சி மிஷின் ஓட்டப் படித்தாள். கூடப் படித்தவர்களும் ஷிப்டுக்காரர்கள்தான். நைட் ஷிப்ட் விழுந்தால் வகுப்பு போய்விடும். ஒருநாள் போர்டில் எழுதியதைப் போட்டோ எடுத்து, வராதவர்களுக்கு அனுப்பவென்று ஒரு குழு தொடங்கினாள். படிப்பு முடிந்தது, குழு முடியவில்லை. அடுத்தடுத்த பேட்ச்காரர்களும் வந்து சேர்ந்தார்கள். நிலையத்துக்காரர், “நீயே பாத்துக்கோம்மா” என்று விட்டுவிட்டார்.

அவளுக்கு அது கைவந்தது. காலை வணக்கப் படங்களை அழிப்பாள். கட்சிச் சண்டை கிளம்பினால் தண்ணீர் தெளித்த மாதிரி அடக்குவாள். விவரம் தெரியாமல் கேட்டவனை எவனாவது கிண்டல் செய்தால் தனியே கூப்பிட்டு வைவாள். அவளுக்குத் துணையாக இரண்டாவது அட்மின் ரகு, வடக்குப்பட்டுக்காரன். எந்தக் கம்பெனியில் ஆள் எடுத்தாலும் முதல் சேதி அவனிடமிருந்துதான் வரும். “யக்கா, யக்கா” என்று பாசமாக இருப்பான்.

வனமாமலை புதிய பேட்ச். நாங்குநேரிக்காரன், பென்னலூரில் அறை எடுத்துத் தங்கியிருந்தான். குழுவிலிருந்த பெண்களின் நம்பர்களை எடுத்து ஒவ்வொருத்தியாகக் கூப்பிட ஆரம்பித்தான். அவர்களில் தெற்கத்திக்காரி கனிஷ்காவுக்கு ஆபாசப் படம் அனுப்பினான். அவள் அழுதுகொண்டே வந்து காட்டினாள். தங்கமாரி அவனைக் கூப்பிட்டுக் கேட்டதற்கு, “நம்ம பக்கத்துப் பிள்ளைன்னுதான் பேசினேன். நீ யாரு கேக்க?” என்றான். அன்றைக்கே அவன் பேரைச் சொல்லி, காரணத்தையும் சொல்லி, எல்லாரும் பார்க்க நீக்கினாள்.

டீக்கடை வாசலில் அவன் பைக்கை நிறுத்தியபோது தங்கமாரியோடு கனிஷ்காவும் இருந்தாள். “பேரப் போட்டு அசிங்கப்படுத்துதியோ?” என்று கத்திக்கொண்டே வந்தான். முதல் அடியைத் தடுக்கத் தூக்கிய கை, முழங்கைக்குக் கீழே சுள்ளி மாதிரி முறிந்தது. அடுத்த அடி நெற்றியைப் பிளந்தது. கண்ணில் ரத்தம் இறங்கி எல்லாம் சிவப்பாகத் தெரிந்தது. மூன்றாவது அடிக்குக் குழாயை ஓங்கினபோது, கனிஷ்கா அடுப்பிலிருந்த பால் பாத்திரத்தைத் துணிகூடப் பிடிக்காமல் தூக்கி அவன் முகத்தில் வீசினாள். அவன் அலறியபடி பைக்கை எடுத்துக்கொண்டு ஓடினான். கனிஷ்காவின் உள்ளங்கைத் தோல் வெந்து உரிந்திருந்தது.

ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டு போட்டு, நெற்றியில் தையலும் போட்டார்கள். மயக்கம் கொஞ்சம் தெளிந்தபோது தலைமாட்டில் போன் ஓயாமல் அதிர்ந்தது. அவள் ரத்தத்தோடு கிடந்த போட்டோவை யாரோ குழுவில் போட்டிருந்தார்கள். அதற்குக் கீழே, “எங்க கீறான்?”, “பென்னலூர் ரூம்ல”, “லொகேஷன் போடு”, “ஹெல்மெட் எட்த்துகினு வா.” போட்டுக்கொண்டிருந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் அவளிடம் பாடம் கேட்டவர்கள்.

இடது கையால் தடவித் தடவி, அட்மின் மட்டும் எழுதலாம் என்று குழுவைப் பூட்டினாள். மறு நிமிஷம் திறந்துகொண்டது. ரகுவும் அட்மின்தானே. மறுபடி பூட்டினாள், மறுபடி திறந்தான். கூப்பிட்டாள்.

“ரகு, வேண்டாம்டே. போலீசுல சொல்லியாச்சு.”

“நீ கம்னு படுத்துக்கோக்கா. உம்மேல கை வெச்சவன வுட்டா நாங்க இன்னா மனுசங்க?”

அவனை அட்மினிலிருந்து இறக்கி, குழுவைப் பூட்டிவிட்டு, போலீசுக்கு போன் போட்டுப் பென்னலூரில் வனமாமலையை அடிக்கப் போகிறார்கள் என்று சொன்னாள். போலீஸ் வரும்வரை கட்டிலில் படுத்திருக்க முடியவில்லை. நர்ஸ் தடுத்தும் கேளாமல், குழுவில் கிடந்த லொகேஷனைப் பார்த்து கனிஷ்காவோடு ஆட்டோ ஏறினாள்.

வாடகை அறைகளுக்குப் பின்னால் முள்செடி மண்டிய காலி மனை. ஏழெட்டுப் பேர் வளைத்து நின்று மிதித்துக்கொண்டிருந்தார்கள். வனமாமலையின் முகம் ஒரு பக்கம் பாலில் வெந்து கொப்பளித்திருந்தது. மறுபக்கம் முகமே இல்லை. வாயில் நுரையும் ரத்தமும். ஒருத்தன் அவன் முழங்காலில் கல்லைப் போட்டான். ‘ளக்’கென்று சத்தம் கேட்டது. இன்னொருத்தன் அத்தனையையும் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தான். ரகு ஹெல்மெட்டைத் தலைக்கு மேலே தூக்கினான்.

தங்கமாரி யோசிக்கவில்லை. போய் வனமாமலை மேல் விழுந்தாள். எவனோ ஓங்கின மிதி அவள் மாவுக்கட்டின்மேல் விழுந்தது. அவள் போட்ட கூச்சலில்தான் கால்கள் நின்றன.

“இன்னாக்கா இது? உனுக்காகத்தான செஞ்சோம்!” என்றான் ரகு. மூச்சு வாங்கியது. அவன் சட்டையெல்லாம் தெறித்த ரத்தம்.

“நான் கேட்டேனாடே?” என்றாள். அடியில் கிடந்தவன் அவள் சுடிதார் நுனியைப் பிடித்துக்கொண்டிருந்தான். அவனைப் பார்க்க அவளுக்கு அருவருப்பாகத்தான் இருந்தது. ஆனாலும் போலீஸ் ஜீப் வரும்வரை எழுந்திருக்கவில்லை.

வனமாமலை பிழைத்தான். ஒரு கண் போயிற்று, கால் மடங்காது. அவன்மேல் ஒரு கேஸ், அடித்தவர்கள்மேல் ஒரு கேஸ். “யாரைப் பார்த்தீங்க?” என்று இன்ஸ்பெக்டர் கேட்டபோது, பார்த்தவர்கள் பேரையெல்லாம் சொன்னாள். ரகு பேரையும் சொன்னாள். மறுநாளே குழுவிலிருந்து ஒவ்வொருவராக வெளியேறினார்கள். ‘துரோகி’ என்று எழுதிவிட்டுப் போனவர்களும் உண்டு. ரகுவின் அம்மா செல்லம்மாள் பயிற்சி நிலைய வாசலுக்கு வந்து மண்ணை வாரித் தூற்றினாள். “அந்தக் குரூப்பே வேணாம்மா, மூடிடு” என்றார் நிலையத்துக்காரர்.

சரி என்று மூடினாள். ஆனால் தெரியாததைக் கேட்க ஆளில்லாமல் நைட் ஷிப்ட் பிள்ளைகள் அவளையே தனித்தனியாகக் கூப்பிட்டார்கள். கட்டுப் பிரித்த மாசம் புதிதாக ஒரு குழு தொடங்கினாள், ஒருவர் நம்பர் இன்னொருவருக்குத் தெரியாத ஆப்பில். புகார் இருந்தால் அவளிடமோ கனிஷ்காவிடமோ தனியாகச் சொல்ல வேண்டும். போட்டோவும் பேரும் பொதுவில் வரக்கூடாது. பழைய குழுவில் பாதிக்கும் குறைவானவர்களே சேர்ந்தார்கள்.

ஜாமீனில் வந்த ரகு புதுக் குழுவில் சேரக் கேட்டு அனுப்பினான். மறுத்துவிட்டு, “கேஸ் முடியட்டும்டே” என்று எழுதினாள். “சரிக்கா” என்று மட்டும் பதில் வந்தது.

சில வாரம் கழித்து அவனிடமிருந்து ஒரு மிஷின் பாகத்தின் டிராயிங் வந்தது. புது வேலைக்கு டெஸ்ட் எழுதப் போகிறானாம். ஒரு அளவு புரியவில்லையாம். அவள் விரல்கள் இன்னும் முழுசாக மடங்கவில்லை. அதனால் குரலிலேயே, கோடு கோடாக விளக்கிச் சொல்லி அனுப்பினாள்.