மிதவையைச் சுற்றி வரணுமாம்

வெள்ளிக்கிழமை பிற்பகல் 2.10. திருவண்ணாமலை பேருந்து நிலையத்தில் புதுச்சேரி வண்டி. தூரம் நூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட. டிக்கெட் தொண்ணூற்றைந்து ரூபாய். நான் பைகளை மேலே ஏற்றிவிட்டுத் திரும்புவதற்குள் ஏழுமலை ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டான். எனக்கு வயிற்றெரிச்சல் அங்கேயே ஆரம்பித்தது.

நாங்கள் கிளம்பிய படகுப் போட்டி இதுதான். புதுச்சேரியிலிருந்து மாமல்லபுரம் வரை, கரையை ஒட்டியே இரண்டு நாள், ஏறக்குறைய தொண்ணூற்றைந்து கிலோமீட்டர். மோட்டார் கூடாது, பாயும் துடுப்பும் மட்டும். படகுக்கு நாலு பேர். அதில் ஒருவர் கடல் தொழிலே தெரியாதவராக இருக்க வேண்டும். கடைசி மிதவையில் படகைத் திருப்பும்போது சுக்கான் அவர் கையில்தான் இருக்க வேண்டும். மற்ற மூவரும் வாய் திறக்கக் கூடாது. ஜனங்கள் பார்க்க வருவதே அதற்காகத்தான்.

இந்த அறிவிப்பை முதலில் பார்த்தவன் நான். கலெக்டர் ஆபீஸ் பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். விண்ணப்பத்தைப் பிரின்ட் எடுத்தவனும் நான். புதுச்சேரியில் நடந்த ஆள் தேர்வுக்குத் துணையாக, வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் என் பால்ய சிநேகிதன் ஏழுமலையைக் கூட்டிப்போன மகாபுத்திசாலியும் நானே. அலைக்குள் போன கால் மணி நேரத்தில் குடலே வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்தேன். படகுத் தலைவர் செல்வம், புதுச்சேரிப் பக்கத்து மீனவர், கரையில் சும்மா நின்றவனின் தோளைப் பார்த்து, "நீங்க ஏறுங்க" என்றார். என்னை ரிசர்வில் போட்டார்கள். ரிசர்வ் என்றால் பை தூக்குகிறவன் என்று பிறகு தெரிந்தது.

சனிக்கிழமை காலை 6.00. பதினோரு படகுகள் ஒரே நேரத்தில் பாயை விரித்தன. தென்காற்று நன்றாகப் பிடித்தது. அழகாகத்தான் இருந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும்! ஏழு என்று எழுதிய நீலப் பாய்க்குக் கீழே ஏழுமலை துடுப்பு வலித்தான். நான் கிழக்குக் கடற்கரைச் சாலையில் பஸ் பிடித்தேன்.

"போட்டிக்கா? நீங்களும் ஓட்றீங்களா?" என்று கேட்டார் கண்டக்டர்.

"இல்லைங்க. ஃப்ரெண்டு ஓட்றான்."

அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல எனக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்று அவருக்கு எப்படித் தெரியும். டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டுப் போனார்.

மாலை 3.30, கடப்பாக்கம். முதல் நாள் முடிவில் எங்கள் படகு இரண்டாவது. "திருவண்ணாமலை, இங்க வா! திருவண்ணாமலை, கயித்தப் பிடி!" என்று செல்வம் அவனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். ஒரே நாளில் ஊர் பேரையே தூக்கி அவனுக்குக் கொடுத்துவிட்டார்கள். நான் என்ன வந்தவாசியா? அதே தெருவில் நாலு வீடு தள்ளிப் பிறந்தவன்தானே!

ஞாயிறு காலை 5.30. சுக்கான் பிடிக்கிறவர்களை மட்டும் தனியாகக் கூப்பிட்டு விதிகள் சொன்னார்கள். ஏழுமலையின் உள்ளங்கை இரண்டும் கொப்புளமாகி, துணி சுற்றிக்கொண்டிருந்தார்கள். அவனுக்காக நான் போய்க் கேட்டேன். "கடைசி மிதவைய இடது கைப்பக்கம் வச்சுத் திரும்பணும். இடது கை. மறுபடி சொல்றேன், இடது கை."

திரும்பி வந்தால், செல்வம் அவனுக்கு இட்லியைப் பிட்டு ஊட்டிக்கொண்டிருந்தார்.

"என்னடா சொன்னாங்க?" என்றான் ஏழுமலை, வாய் நிறைய இட்லியோடு.

"கடைசி மிதவைய சுத்தி வரணுமாம்."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்."

எங்கள் ஊரில் சுற்றுவது என்றால் ஒரே திசைதான். பதினாலு கிலோமீட்டரும் மலை வலது கைப்பக்கமே இருக்கும். பௌர்ணமி தவறாமல் நானும் அவனும் நடக்கிறோம். சுற்றி வா என்றால் எந்தப் பக்கம் என்று எங்கள் ஊர்க்காரன் கேட்கவே மாட்டான். இது எனக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும்.

பகல் 1.20, மாமல்லபுரம். கரையில் நல்ல கூட்டம். இரண்டாவதாக வந்த நீலப் பாய் ஆரஞ்சு மிதவையை நெருங்கியது. சுக்கானில் ஏழுமலை. மிதவையை வலது கைப்பக்கம் வைத்து, பக்தியோடு திருப்பினான். நடுவர் படகிலிருந்து விசில்.

"யாருய்யா அது, கோயில் சுத்துற மாதிரி சுத்துறான்!" என்றார் பக்கத்தில் நின்றவர். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். வந்த வழியே பின்னால் போய் மறுபடி இடது கையில் வைத்துத் திரும்புவதற்குள் மூன்று படகுகள் தாண்டிவிட்டன. ஐந்தாம் இடம். சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். வாய் கசந்தது.

படகு கரை ஏறியதும் செல்வம் கத்தினார். "ரெண்டு நாள் ஒழைப்புய்யா! இடது கை எது, வலது கை எதுன்னுகூடத் தெரியாதா?"

"என் தப்புதாண்ணா. மலை சுத்துற பழக்கம், கை தானா திரும்பிடுச்சு" என்றான் ஏழுமலை.

"அடுத்த தடவை வேற ஆளப் பாத்துக்கறேன்."

"வேற ஆள் எதுக்குண்ணா? இவன எடுத்துக்கங்க" என்று என் தோளில் கை போட்டான் ஏழுமலை. "மொதல்ல ஆசப்பட்டு வந்தவனே இவன்தான்."

செல்வம் என்னை மேலும் கீழும் பார்த்தார். "வாந்தி எடுக்காம இருப்பீங்களா?"

"மாத்திரை போட்டுக்கறேங்க" என்றேன். வெட்கமில்லாமல் சொன்னேன்.

மாலை 3.00. செங்கல்பட்டு போய் அங்கிருந்து எங்கள் ஊர் வண்டி. "நீ ஜன்னல்கிட்ட உக்காருடா, காத்து வரும்" என்றான் ஏழுமலை. துணி சுற்றிய கையால் வேர்க்கடலைப் பொட்டலத்தைப் பிரிக்க முடியாமல் என்னிடம் நீட்டினான். பிரித்துக் கொடுத்தேன். திண்டிவனம் போயிற்று, செஞ்சிக் கோட்டை போயிற்று. கீழ்பென்னாத்தூர் தாண்டி, மங்கின வெளிச்சத்தில் மலை தெரிந்ததும் அவன் பழக்கப்படி கன்னத்தில் போட்டுக்கொண்டான். எனக்குக் கை எழவில்லை.

"ஏழுமல, இடது கைன்னு சொன்னாங்கடா. மூணு வாட்டி சொன்னாங்க. நான்தான் உன்கிட்ட சொல்லல."

அவன் மென்றுகொண்டிருந்ததை நிறுத்தினான். மலையையே பார்த்துக்கொண்டு வந்தான். ஊரில் இறங்கி, தன் பையைத் தானே எடுத்துக்கொண்டான்.

"என்கிட்ட ஏன்டா சொல்ற? செல்வண்ணன்கிட்ட சொல்லு."

சொல்லிவிட்டு ஆட்டோ நிற்கிற பக்கம் போய்விட்டான். அடுத்த தடவை படகில் எனக்குக் கிடைத்திருக்கிற இடம், அதைச் சொன்ன நிமிஷம் போய்விடும். டீக்கடை ஓரம் நின்று, செல்வம் எழுதிக் கொடுத்திருந்த நம்பரைப் போட்டேன்.

"ஹலோ, திருவண்ணாமலைலேருந்து பேசறேங்க."

"யோவ், திருவண்ணாமலை!" செல்வத்தின் குரல் பெரிதாகச் சிரித்தது. "கை எப்படிய்யா இருக்கு? கோவத்துல ஏதோ கத்திட்டேன், மனசுல வச்சுக்காத."

இரண்டு நாளாக நான் ஏங்கிய பெயர்.

"அவன் இல்லைங்க" என்றேன். "நான் இன்னொருத்தன்."