அக்கா சேர்த்த ஓர் எழுத்து

எங்கள் அக்கா இறைவனடி சேர்ந்து இன்றோடு ஓராண்டு நிறைகிறது. திதிக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் உடன்பிறந்த தம்பியின் வணக்கம். அழுகிற கட்டுரையாக இதை எழுத எனக்கு மனமில்லை. அக்கா ஜெயித்த கதையைச் சொல்லத்தான் பேனாவை எடுத்திருக்கிறேன்.

திருவரங்குளத்துக்குப் பக்கத்துச் சிற்றூரில் அக்கா பிறந்தார். நான் பள்ளிக்கூடம் போகத் தொடங்கும் முன்பே அப்பா காலமாகிவிட்டார். அம்மா களையெடுக்கப் போனார். அக்கா பஸ் ஏறி டைப்ரைட்டிங் படிக்கப் போனார். நகராட்சி அலுவலகத்தில் தட்டச்சராக வேலை கிடைத்தபோது அவருக்கு இருபது வயதுகூட ஆகவில்லை. அந்தச் சம்பளத்தில்தான் நான் படித்தேன். பிறகு பொன்னமராவதியில் ஹார்டுவேர் கடை வைத்தேன். திறப்பு விழா அன்று பெயர்ப்பலகையில் ஒற்று விட்டுப்போயிருக்கிறது என்று விருந்தாளிகள் முன்னாலேயே சொன்னவர் அக்கா. பிழையைக் கண்டால் அவருக்குப் பொறுக்காது.

அப்படிப்பட்டவர் கையாலேயே ஒரு பிழை நடந்திருந்தது. அவர் தட்டச்சராக இருந்து கண்காணிப்பாளராக உயர்ந்து, ஓய்வுபெறச் சில மாதங்களே இருக்கும்வரை அது யாருக்கும் தெரியாது.

அக்கா வேலை பார்த்த நகரத்தில் கீழத்தெருக்காரர்களுக்கு ஐப்பசி பிறந்தாலே சாமான்களைப் பரணில் ஏற்றுகிற வேலைதான். மழைத்தண்ணீர் வீட்டுக்குள் வந்துவிடும். அந்தச் சமயத்தில்தான் நகரம் முழுவதற்கும் புதிய மழைநீர் வடிகால் திட்டம் தீட்டினார்கள். தெருவை ஒட்டி நீளமாகப் புதர் மண்டிக் கிடந்த இடத்தில் வடிகாலைக் கொண்டுபோனால் தண்ணீர் நேரே ஊருணியில் விழும். ஆனால் நகராட்சிப் பதிவேட்டில் அது ‘வாரிய இடம்’ என்று இருந்தது. எந்த வாரியம் என்று யாருக்கும் தெரியவில்லை. வீட்டு வசதி வாரியத்துக்கு எழுதினார்கள். எங்களுடையது இல்லை என்று பதில் வந்தது. மின்சார வாரியமும் அதையே சொன்னது. கடைசியில், கேட்பாரற்ற அந்த இடத்தில் வணிக வளாகம் கட்டிவிடலாம், வடிகால் மேட்டு வழியாகச் சுற்றிப் போகட்டும் என்று வரைபடம் போட்டார்கள். தண்ணீர் மேட்டில் ஏறாது என்பது என் கடையில் பைப் வாங்க வருகிறவருக்குக்கூடத் தெரியும்.

கருத்துக் கேட்க அக்கா கீழத்தெருவுக்குப் போனார். அங்கே இட்லிக்கடை நடத்தும் பெண்மணி, “வாரியில கட்டடத்தக் கட்டிட்டா தண்ணி எங்கிட்டுப் போகும்? எங்க அடுப்புக்குத்தான் வரும்” என்றார். அக்கா அந்தச் சொல்லை இன்னொரு முறை சொல்லச் சொல்லிக் கேட்டாராம்.

வெளியூர் உறவினர்களுக்காகச் சொல்கிறேன். குளத்துக்கு மழைநீர் கொண்டுவரும் வாய்க்காலை எங்கள் பக்கம் வாரி என்போம்.

அன்றே பதிவறையில் பழைய கையெழுத்துப் பதிவேட்டைத் தேடி எடுத்தார். அதில் ‘வாரி இடம்’ என்றுதான் இருந்தது. அதைப் பார்த்துத் தட்டச்சு செய்தவர், வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷத்து அக்காதான். அவருக்கு வாரி தெரியாமல் இல்லை. தெரிந்ததுதான் வினையாகப் போனது.

“நம்ம ஊருப் பேச்சு சர்க்கார் காகிதத்துல எப்படி வரும், எழுதுனவரு ஒரு எழுத்த விட்டுட்டாருன்னு நெனச்சு நானே ‘ய’ போட்டுட்டேன்டா” என்று என்னிடம் சொல்லி அழுதார்.

நான் என்ன சொன்னேன் என்பதையும் மறைக்காமல் எழுதுகிறேன். “பேசாம இரு அக்கா. ரிட்டயர் ஆகுற நேரத்துல மெமோ வாங்குனா பென்ஷன நிறுத்திருவாங்க. பழைய ரிக்கார்டுல பிழைன்னு மட்டும் சொல்லு, யாரு அடிச்சதுன்னு எவன் கேக்கப்போறான்?”

அத்தான் இறந்த பிறகு அக்காவும், கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த மகளும் அந்த ஓய்வூதியத்தைத்தான் நம்பியிருந்தார்கள்.

“அடிச்சவ சொல்லலைன்னா, பிழைன்னு எப்படிடா நம்புவாங்க?” என்றார் அக்கா.

அவர் சொன்னபடியே ஆயிற்று. நகர்மன்றக் கூட்டத்தில் அக்கா பழைய பதிவேட்டைக் காட்டியதும், வளாகத்தை விரும்பிய உறுப்பினர் ஒருவர், “கையால எழுதுனவருதான் எழுத்த விட்டிருப்பாரு” என்று வாதாடினார். அக்கா எழுந்தார். “அவரு விடலைங்க. நான்தான் சேர்த்தேன். அடிச்ச கை இதுதாங்க” என்றார். ஆணையர் அதை எழுத்து மூலமாகக் கேட்டார். அக்கா அங்கேயே உட்கார்ந்து எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

மெமோ வந்தது, விசாரணையும் வந்தது. அந்த நாட்களில் எனக்குத்தான் தூக்கமில்லை. அக்கா நன்றாகத் தூங்கினார். ஒரு கண்டிப்போடு விஷயம் முடிந்து, பென்ஷனும் ஒழுங்காக வந்தது. அதைவிடப் பெரிய வெற்றி, வணிக வளாகம் வேறு இடத்துக்குப் போனதுதான். புதரை வெட்டி, கரை கட்டி, கீழத்தெரு வடிகாலை வாரியில் சேர்த்தார்கள். அடுத்த ஐப்பசியில் அடைமழை பிடித்துக்கொண்டது. இட்லிக்கடைக்காரர் அக்காவுக்குப் போன் செய்து, “மேடம், ஊருணி நெறஞ்சிருச்சுங்க. அடுப்பு எரியுது, சாப்பிட வாங்க” என்றார். அக்கா என்னையும் இழுத்துக்கொண்டு போனார். அன்று அந்தக் கடையில் உட்கார்ந்து நான் சொன்ன புத்தியை நினைத்து வெட்கப்பட்டேன். அக்காவுக்குத் தம்பியாகப் பிறந்ததை நினைத்து அதைவிடப் பெருமைப்பட்டேன். இட்லி எத்தனை என்று கேட்காதீர்கள்.

கடைசி சில மாதங்கள் அக்காவுக்கு உடம்பு ஒத்துழைக்கவில்லை. கனிவோடு கவனித்த மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், முறைவைத்துத் துணையிருந்த அக்கம்பக்கத்தாருக்கும், தினமும் வந்து சிரிக்கவைத்த அலுவலக நண்பர்களுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது.

கீழத்தெரு மக்களுக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். அக்காவின் இறுதி ஊர்வலத்தன்று விடிந்ததிலிருந்து மழை கொட்டியது. மேட்டுச் சாலை வழியாகச் சுற்றிப் போய்விடலாம் என்றார் வண்டி ஓட்டுநர். அந்தத் தெருக்காரர்கள் விடவில்லை. “எங்க தெரு வழியாக் கொண்டு வாங்க. தண்ணி நிக்காது” என்றார்கள். அப்படியே போனோம். தண்ணீர் நிற்கவில்லை. தெருவின் இரண்டு பக்கமும் ஜனங்கள்தான் நின்றார்கள்.