தண்ணீர்ப் பூங்காவில் ஒரு பெரட்டு

அந்தக் கேன் ஐந்து லீட்டர் பிடிக்கும். முன்பு தேங்காயெண்ணெய் வந்த மஞ்சள் கேன். கழுவிக் கழுவி நிறம் வெளுத்துப்போய், வெயிலில் பிடித்தால் உள்ளே தண்ணீர் எந்த மட்டத்தில் நிற்கிறது என்று வெளியே தெரியும். கைப்பிடி கையை அறுக்காமல் இருக்கப் பழைய சேலைக் கிழிசலைச் சுற்றியிருந்தது. ஒரு சித்திரை மாதக் காலையில், கடற்கரைப் பக்கத்துத் தண்ணீர்ப் பூங்கா ஒன்றின் வாசலில் வந்து நின்ற பஸ்ஸிலிருந்து முதலில் வெளியே நீண்டது அந்தக் கேன்தான். அதைப் பிடித்த கைக்குப் பின்னால் என் மதினி இறங்கினார். நமுனுகுலவில், தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்கு மேலே, ஊற்று விழுகிற பீலியில் பிடித்த தண்ணீர் அது. முந்தின நாள் அந்தியில் பஸ்ஸில் ஏறி, மலை இறங்கி, பள்ளத்து வெக்கையெல்லாம் தாண்டி வந்திருந்தது. கழுத்து மட்டம் அப்படியே இருந்தது. சிந்தாமல் கொண்டுவந்துவிட்டாரே என்றுதான் நான் நினைத்தேன்.

அந்தப் பூங்காவில் அப்போது எனக்கு வேலை. வேலை என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. காற்றடைத்த டியூப்களைக் கொடுத்து வாங்குவது, ஓட்டை விழுந்ததை ஒட்டுவது, சாயங்காலம் குளத்தில் மிதக்கிற இலையையும் கிளிப்பையும் வலையால் அள்ளுவது. ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அதற்குப் பிறகு ஒரு இடத்தில் நிலையாக இருந்ததில்லை. கொழும்பில் பேக்கரி அடுப்பு முன்னால் நின்றிருக்கிறேன், அம்பாந்தோட்டைப் பக்கம் உப்பு வாரியிருக்கிறேன், லொறியில் சிமெண்டு ஏற்றியிருக்கிறேன். எல்லாம் சூடு பிடித்த இடங்கள். குளிரில் பிறந்தவனுக்கு வெயில் முதல் வாரம் தலைவலியாகவும், இரண்டாம் வாரம் வேர்க்குருவாகவும் வந்து, பிறகு பழகிவிடும். அதனால் வெயிலைப் பற்றி எனக்குத் தெரியும் என்று ஒரு எண்ணம் இருந்தது.

மதினி தெமோதரைப் பக்கத் தோட்டம் ஒன்றிலிருந்து எங்கள் லயத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவர். வந்த மறுநாளே கொழுந்துக் கூடையை மாட்டிக்கொண்டு மலைக்குப் போனவர். நான் ஊர் ஊராகச் சுற்றுவதைப் பற்றி அண்ணன் கோபப்படுவார். மதினி கேலி பண்ணுவார். எந்த ஊரிலிருந்து நான் போன் எடுத்தாலும், "இன்னும் அங்கதான் இருக்கியா, இல்ல பஸ்ஸில இருந்து பேசுறியா?" என்பதுதான் முதல் கேள்வி. தண்ணீர்ப் பூங்கா வேலையைப் பற்றிச் சொன்னபோது அவருக்கு நம்பிக்கை வரவில்லை. தண்ணீரில் விளையாட ஆட்கள் காசு கொடுத்து வருவார்கள் என்றால் எப்படி நம்புவது. நிறைய விசாரித்தார். சறுக்கு எவ்வளவு உயரம், குளம் எவ்வளவு ஆழம், பெண்கள் இறங்குகிறார்களா, என்ன உடுத்திக்கொண்டு இறங்குகிறார்கள். கடைசியாக, அங்கே நாமே சமைத்துச் சாப்பிட வேண்டுமா என்று கேட்டார். உள்ளே அடுப்பு மூட்ட விடமாட்டார்கள், சோறு அவர்களே கொடுப்பார்கள் என்றேன்.

"அப்ப அங்கதான் போகணும் தம்பி" என்றார்.

தோட்டத்தில் வருஷத்துக்கு ஒருமுறை பஸ் பிடித்துப் பயணம் போவது வழக்கம். எப்போதும் கோயிலுக்குத்தான். ஆண்கள் பஸ் பேசுவார்கள். பெண்கள் அண்டா, அரிசி, விறகோடு ஏறி, போகிற இடமெல்லாம் கல் கூட்டிச் சமைத்து, கழுவி, கட்டித் திரும்ப ஏற்றி வருவார்கள். திரும்பி வந்த மறுநாள் காலையில் மலையில் நிற்பார்கள். இந்த முறை பெண்கள் மட்டும் தனியாக, கோயிலுக்கு இல்லாமல், தண்ணீரில் விளையாடப் போகிறோம் என்று மதினி சொன்னபோது கோயில் கமிட்டித் தலைவருக்கு அது பிடிக்கவில்லை. அவர் கெட்ட மனிதர் இல்லை. பயம். பள்ளத்து வெயிலில் யாராவது விழுந்துவிட்டால் யார் பதில் சொல்வது என்று கேட்டார். ஒருத்தருக்கு ஒன்று ஆனாலும் இனிமேல் பெண்கள் தனியாகப் பயணம் என்ற பேச்சே இருக்கக்கூடாது என்று கூட்டத்தில் சொன்னார். மதினி எழுந்து நின்று, சரி என்றார். ஒருத்திக்கு ஏதாவது ஆனால், இனிமேல் நானே கேட்க மாட்டேன் என்றார். அந்த வார்த்தையோடுதான் பஸ் புறப்பட்டிருந்தது.

அதனால் பஸ்ஸிலிருந்து இறங்கியதும் அவர் தலைகளை எண்ணினார். பாதிப் பேர் இன்னும் ஸ்வெட்டர் போட்டிருந்தார்கள். நான் சிரித்தேன். "சிரிக்காத, பண்டாரவளை தாண்டும்போது குளிரு" என்று எதிர் லயத்து அக்கா அதட்டினார். அவர் எங்கள் லயத்துக்கு எதிரே இருக்கிறவர், மதினிக்கு மலையில் பக்கத்து நிரைக்காரர். நிரை என்றால் கொழுந்து எடுக்கும்போது ஒவ்வொருத்தருக்கும் பிரித்துக் கொடுக்கிற தேயிலை வரிசை. இருவரும் பல வருஷமாகப் பக்கத்துப் பக்கத்து வரிசையில் நடந்து, ஒருவர் மூச்சை ஒருவர் அறிந்தவர்கள்.

நான் எல்லாவற்றையும் சுற்றிக் காட்டினேன். சறுக்கு, அலைக்குளம், உடுப்பு மாற்றுகிற இடம், சோற்று மண்டபம். அவர்கள் பிள்ளைகளின் டீ சேர்ட்டும் நீளக் காற்சட்டையும் போட்டுக்கொண்டு வெளியே வரவே வெகு நேரம் ஆனது. ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்து, திரும்ப உள்ளே ஓடி, மறுபடி வந்தார்கள். வெளியே வந்தும் தண்ணீரில் இறங்கவில்லை. மற்றவர்கள் விளையாடுவதைப் பார்த்துக்கொண்டு ஓரத்தில் நின்றார்கள். சிமெண்டுத் தரை காலைச் சுட்டது. தகரக் கூரை போட்ட மண்டபத்தில் நிழல் இருந்ததே தவிர காற்று இல்லை. சூரியன் உச்சிக்கு வந்தபோது, சறுக்குக்குப் போகிற படிக்கட்டு வரிசையில் நின்ற எதிர் லயத்து அக்கா கைப்பிடிக் கம்பியைத் தேடுவது போலக் கையை நீட்டினார். கம்பி வேறு பக்கம் இருந்தது. அப்படியே உட்கார்ந்து, சாய்ந்துவிட்டார்.

நாங்கள் அவரைத் தூக்கிக்கொண்டு போய் வேப்பமர நிழலில் கிடத்தினோம். பூங்காவின் நர்ஸ் ஓடிவந்தார். சிங்கள மிஸ்ஸி, இளம் பெண். நாடி பார்த்து, நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தார். நாக்கு காய்ந்து வெள்ளையாக இருந்தது. கழுத்திலும் அக்குளிலும் ஈரத்துணி வைத்துக்கொண்டே என்னிடம் ஒன்று கேட்டார். அதைத் தமிழில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கடைசியாக எப்போது ஒண்ணுக்குப் போனார் என்பது கேள்வி. என் அம்மா வயதுப் பெண்கள் சுற்றி நிற்கிறார்கள். நான் மதினியின் காதில் சொன்னேன். மதினி குனிந்து கேட்டார். அக்கா கண்ணைத் திறக்காமலே, முந்தின நாள் பஸ் ஏறுவதற்கு முன்னால் என்றார். தண்ணீர்? வாயை நனைத்ததோடு சரி.

மதினி நிமிர்ந்து மற்றவர்களைப் பார்த்தார். நீ? நீ? என்று ஒவ்வொருத்தராகக் கேட்டார். ஒவ்வொருத்தரும் அதே பதிலைத்தான் சொன்னார்கள். கடைசியில் அவரைக் கேட்க ஆள் இல்லை, நான்தான் கேட்டேன். அவர் கேனைப் பார்த்தார். கழுத்து மட்டம்.

இதில் ஆச்சரியப்பட எங்களுக்கு ஒன்றுமில்லை. தேயிலை மலையில் கக்கூஸ் கிடையாது. காலையில் ஏறினால் மத்தியானம் கொழுந்தை எடை போட்ட பிறகுதான் லயத்துக்கு இறங்க முடியும். ஆண்களுக்குப் புதர் போதும். பெண்களுக்கு ஒரே வழி, குடிக்காமல் இருப்பது. விடியற்காலையில் அரைக் கோப்பைத் தேத்தண்ணி, அதற்குப் பிறகு தொண்டை காய்ந்தாலும் ஒன்றுமில்லை. யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுத்ததில்லை. வேலையோடு சேர்ந்து வந்த பழக்கம். குளிர் மலையில் அது உடம்பை மெதுவாகத்தான் தின்னும். பஸ்ஸிலும் அதே பழக்கம்தான் வந்திருந்தது. டிரைவரிடம் நிறுத்தச் சொல்ல வேண்டுமே என்ற வெட்கம். தண்ணீர் நிறைந்த பூங்காவுக்கு, தண்ணீர் நிறைந்த கேனோடு, எல்லோரும் காய்ந்துபோய் வந்திருந்தார்கள்.

அந்த நேரம் பார்த்து மதினியின் போன் அடித்தது. தலைவர். எடுக்க வேண்டாம் என்று ஒருத்தி கையைக் காட்டினாள். எல்லாம் நன்றாக இருக்கிறது என்று சொல்லுங்கள் என்றாள் இன்னொருத்தி. மதினி எடுத்தார்.

"ஒருத்தி மயங்கிட்டாங்க தலைவரே. மிஸ்ஸி பாத்துக்கிட்டு இருக்காங்க, முழிச்சிட்டாங்க. நாங்க தண்ணி குடிக்காம வந்துட்டோம், அதான். இல்லைங்க, இப்ப திரும்பல. அந்திக்கு நானே பேசுறேன்."

போனை வைத்த பிறகு அவர் மறுபடி தலைகளை எண்ணினார். கூட்டத்தில் கொடுத்த வார்த்தை அவருக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். இரண்டு மூன்று பேர், போதும், ஏறிவிடலாம் என்றார்கள். எதிர் லயத்து அக்கா, உப்பும் சீனியும் கலந்த தண்ணீரை மிடறு மிடறாகக் குடித்துக்கொண்டே, தன்னால்தான் எல்லாம் கெட்டது என்று அழுதார். மதினி அவருக்கு ஆறுதல் சொல்லவில்லை. என்னைப் பார்த்துத்தான் கேட்டார்.

"தம்பி, இங்க கக்கூஸ் எங்க இருக்கு?"

காலையில் எல்லாவற்றையும் காட்டியவன் அதை மட்டும் காட்டவில்லை என்று அப்போதுதான் உறைத்தது. கூட்டிக்கொண்டு போனேன். வரிசையாகக் கதவுகள், உள்ளே தாழ்ப்பாள், குழாயில் தண்ணீர். மதினி ஒவ்வொரு கதவையும் திறந்து பார்த்தார். பிறகு வெளியே வந்து, கேனைக் கீழே வைத்து, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, மலையில் வேலை வாங்குகிற எங்கள் கங்காணியின் குரலில் கத்தினார்: "பெரட்டு! எல்லாம் வரிசைக்கு வாங்க!"

பெரட்டு என்பது தோட்டத்தில் காலையில் பேர் கூப்பிட்டு ஆட்களை வேலைக்குப் பிரிக்கிற இடம். அங்கே யாரும் சிரிப்பதில்லை. இங்கே எல்லோரும் சிரித்துக்கொண்டே வரிசையில் நின்றார்கள். மதினி பேர் கூப்பிட்டார். கூப்பிட்டவள் முன்னால் வந்து, கேன் தண்ணீர் ஒரு குவளை அவர் முன்னாலேயே குடித்து முடிக்க வேண்டும். கொஞ்ச நேரம் நிழலில் உட்கார வேண்டும். இரண்டாவது குவளை. பிறகு கதவுக்குள்ளே போய்விட்டு வர வேண்டும். அதற்குப் பிறகுதான் குளம்.

"எனக்கு வரலையே கங்காணி" என்றாள் ஒருத்தி.

"வராதவளுக்கு இன்னைக்கு அரைப்பேருதான்."

எடை குறைந்தால் பாதி நாள் சம்பளம் போடுவதைத்தான் தோட்டத்தில் அரைப்பேர் என்பார்கள். மலையில் அந்த வார்த்தையைக் கேட்டு எத்தனையோ பேர் கண் கலங்கி நான் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு அதைக் கேட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். பக்கத்தில் நின்ற கொழும்புக் குடும்பம் ஒன்று எங்களை வேடிக்கை பார்த்தது. கேன் காலியானதும் நான் குடிதண்ணீர்க் குழாயில் நிரப்பிக் கொண்டுவந்தேன். மதினி ருசி பார்த்து முகத்தைச் சுளித்தார். "மருந்து வாடை" என்றார். ஆனாலும் முதல் ஆளாகக் குடித்தார். கடைசி ஆளாக உள்ளே போய்விட்டு வந்தார்.

வெயில் கொஞ்சம் சரிந்த பிறகு அவர்கள் அலைக்குளத்தில் இறங்கினார்கள். யாரும் சொல்லாமலே மலையில் நிற்கிற ஒழுங்கில் நின்றார்கள். அவரவர் நிரை, அவரவர் பக்கத்து ஆள். கையைக் கோத்துக்கொண்டு, சரிவில் கால் பதிக்கிற மாதிரி விரலை ஊன்றி, ஒரே வரிசையாக முன்னால் நடந்தார்கள். மதினிக்குப் பக்கத்து இடம் மட்டும் காலியாக இருந்தது. எதிர் லயத்து அக்காவை இறங்கக்கூடாது என்று மிஸ்ஸி சொல்லியிருந்தார். அவர் கரையில் காலை நனைத்துக்கொண்டு உட்கார்ந்து, வரிசை கோணுகிறது என்று குறை சொல்லிக்கொண்டிருந்தார். சங்கு ஊதி முதல் அலை வந்தபோது எழுந்த சத்தத்தில் என் கையிலிருந்த டியூப் விழுந்துவிட்டது. முழங்கால் நோவு என்றும் இடுப்பு வலி என்றும் எந்நேரமும் முனகுகிறவர்கள் அவர்கள். அப்படி ஒரு சத்தம் அவர்களுக்குள் இருந்தது எனக்குத் தெரியாது. மதினி தண்ணீரைத் துப்பிக்கொண்டு எழுந்து, திரும்பி என்னைத் தேடினார். அலை இன்னும் ஒருமுறை வருமா என்று சைகையில் கேட்டார்.

அந்தியில் அவரே தலைவரை அழைத்து நடந்ததை ஒன்று விடாமல் சொன்னார். கொடுத்த வார்த்தைப்படி இனிமேல் பயணம் கேட்கமாட்டேன் என்றும் சொன்னார். தலைவர் என்ன சொன்னார் என்பது எனக்குப் பிறகு அண்ணன் சொல்லித்தான் தெரியும். என் வீட்டுக்காரியும் அப்படித்தான், வருஷத்துக்கு நாலு தடவை மூத்திரக் கடுப்பு என்று ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறேன், எதனால் என்று இன்றைக்குத்தான் தெரிகிறது என்றாராம். திரும்பிப் போகும்போது பஸ் மூன்று இடத்தில் நின்றது. மூன்று முறையும் நிறுத்தச் சொன்னது எதிர் லயத்து அக்கா.

மதினி சொன்ன சொல்லைக் காப்பாற்றினார், அவர் கேட்கவில்லை. அடுத்த வருஷம், பெண்கள் பயணம் எப்போது என்று தலைவரே கேட்டார். அதற்கு முன்னால் பெண்கள் வேறு ஒன்று கேட்டிருந்தார்கள். தலைவரையும் கூட்டிக்கொண்டு தோட்ட ஆபீசுக்குப் போய், மலையில் கக்கூஸ் வேண்டும் என்றார்கள். முதல் முறை ஆபீசில் பார்ப்போம் என்றார்கள். பிறகு பல முறை போனார்கள். ஒரு வருஷத்துக்கு மேல் இழுத்து, நாலாம் நம்பர் மலையில், கொழுந்து நிறுக்கிற கொட்டகைக்குப் பக்கத்தில், தகரக் கதவு போட்டு இரண்டு அறை கட்டினார்கள். பீலியிலிருந்து குழாய் இழுத்திருக்கிறது. மற்ற மலைகளில் இன்னும் இல்லை. கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

நான் பூங்கா வேலையை விட்டு வெகு நாளாகிவிட்டது. இப்போது பண்டாரவளையிலிருந்து மரக்கறி ஏற்றுகிற லொறி ஒன்றில் போகிறேன். எவ்வளவு நாளைக்கு என்று தெரியாது. போன வாரம் லொறி வர நேரம் இருந்ததால் தோட்டத்துக்கு ஏறினேன். மத்தியான எடை முடிந்து பெண்கள் நாலாம் நம்பர் மலையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். எங்கள் பக்கத்திலும் இப்போது வெயில் முன்பு மாதிரி இல்லை. பாதையோரப் புல்லெல்லாம் கருகியிருந்தது. மதினி தலையில் கூடையும் கையில் அதே கேனுமாக வந்தார். கைப்பிடியில் வேறு சேலைத் துணி. என்னைக் கண்டதும் வழக்கமான கேள்வியைக் கேட்டார், இருக்கப்போகிறேனா, இல்லை அடுத்த பஸ்ஸிலேயே போகிறேனா என்று. நான் பதில் சொல்வதற்குள் கேன் மூடியைத் திறந்து என் முன்னால் தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டினார்.

ஒரு சொட்டு விழவில்லை.