மூன்று தடவை

கரண்ட் இருப்பது உறுதியான பிளக்கில் முதலில் டெஸ்டரைச் செருகுகிறார். சிவப்பாக மினுக்குகிறது. அடுத்து, அணைத்து வைத்த கம்பியில். மினுக்கவில்லை. வேறொருவர் என்றால் இத்துடன் வேலையைத் தொடங்கியிருப்பார். இவர் திரும்ப அதே பிளக்குக்குப் போய் இன்னொரு தடவை செருகிப் பார்க்கிறார். "நடுவுல டெஸ்டரே செத்துப்போயிருந்தா? கம்பி செத்துடுச்சுன்னு நெனச்சு நாமதான் போய்ச் சேருவோம்."

கூரைகளில் சோலார் பலகை பொருத்துவது அவர் தொழில். யாரும் உட்காரவைத்துச் சொல்லித் தரவில்லை. மோட்டார்களைப் பிரித்துப் பிரித்துக் கற்றுக்கொண்டது. தெருவில் 'மூணு தடவை' என்று கேட்டால்தான் வீட்டைக் காட்டுவார்கள். வீட்டைப் பூட்டும்போதுகூட முதலில் பக்கத்து வீட்டுப் பூட்டை இழுத்துப் பார்ப்பார் என்று அவர் மனைவி சொல்வது கொஞ்சம் மிகை.

தங்கையின் தையல் கூடத்துக்கு எட்டுப் பலகைகள் போட்டதும் அவரே. பகலில் ஆறு மெஷின்களும் வெயிலில் ஓடும். மிஞ்சுவது தெருக்கம்பிக்குப் போகும். தெருவில் கரண்ட் நின்றால், சுவரில் இருக்கும் பெட்டி கண்ணிமைக்கும் நேரத்தில் பலகைகளையும் நிறுத்திவிடும். அப்படித்தான் அதைச் செய்திருக்கிறார்கள்.

போன வாரம் நண்பகலில் கரண்ட் நின்றது. மறுநாள் காலை பள்ளிச் சீருடைகளை ஒப்படைக்க வேண்டும். இன்னும் நாற்பது சட்டைகள் பாக்கி. தவறினால் அந்தப் பள்ளி வேறு கடையைப் பார்த்துக்கொள்ளும். தங்கை போன் செய்தாள், வந்தார்.

"தலைக்கு மேல வெயில் கொதிக்குது, கீழ ஒரு ஃபேன் ஓடல. அந்தப் பெட்டியை ஏமாத்துற வித்தை உனக்குத் தெரியும்லண்ணே?"

"தெரியும்."

"அப்ப ஏமாத்து."

ஜன்னல் பக்கம் மோவாயை நீட்டினார். மூலைக் கம்பத்தில் லைன்மேன் ஒருவர் இடுப்புப் பட்டையில் சாய்ந்துகொண்டு கம்பியை முறுக்கிக்கொண்டிருந்தார். "நம்ம வெயில் நேரா அந்தக் கைக்குத்தான் போகும்."

"மெயினை இறக்கி வச்சுட்டுச் செய்யேன்."

"இப்ப நீ இறக்குவ. ஏழு பேர் பொழங்குற இடம், எவராவது ஏத்திடுவாங்க. பேட்டரி போட்டு, தெருக்கம்பியோட ஒட்டாம தனியா வைன்னு அன்னிக்கே சொன்னேன். இடத்தை அடைக்கும்னு நீதான் சொன்ன."

"மேல இருக்கறவரு உனக்கு மாமனா, மச்சானா?"

"கம்பி அதெல்லாம் விசாரிக்காதும்மா."

"நல்லா வந்து வாய்ச்ச எனக்கு!" தங்கை எழுந்து, மூலையில் துணி மூட்டை சுமந்துகொண்டிருந்த பழைய மிதிமெஷினை இழுத்துப்போட்டு மிதிக்கத் தொடங்கினாள். மற்றவர்கள் மடிப்பு வேலையைக் கையில் எடுத்தார்கள். அவர் கிளம்பவில்லை. பொத்தான் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார்.

"ஊசி கோக்க வருமா உனக்கு?" என்றாள், மிதிப்பதை நிறுத்தாமல்.

"வாழ்க்கை பூரா ஒயர்தானே கோக்கறேன்."

லைன்மேன் இன்னும் இறங்கவில்லை. அண்ணன் முதல் பொத்தானைத் தைத்து முடித்து, நூலைப் பல்லால் கடித்தார். தன் சட்டைப் பொத்தானைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். தைத்ததை இழுத்தார். பிறகு மறுபடியும் தன்னுடையதை.