ஆகஸ்ட் மாதத்து அருவிக்கு மே மாதத்தில் போனோம்

வெயிலில் காய்ந்த பாசிக்கு ஒரு வாசனை உண்டு. ரொம்ப நாள் மூடிக் கிடந்த தண்ணீர்த் தொட்டியைத் திறந்தது போல... எங்காவது அது வந்தால் எனக்கு வசந்தாவின் சிரிப்பு கேட்கும்.

கல்யாணமான புதிதில் ஜோகுபாளையத்தில் இருந்தோம். இரண்டு அறை, ஏழு பேர். நானும் என் மனைவியும் எதைப் பேசினாலும் மூன்றாவது ஆள் பதில் சொல்லும் வீடு. "தலை வலிக்குது" என்று வசந்தா என்னிடம் சொன்னால், அம்மா தைலத்தோடும், தங்கை காரணத்தோடும், அப்பா தன் காலத்துத் தலைவலியோடும் வந்துவிடுவார்கள். அன்பான குடும்பம். தப்பிக்க வழியில்லாத அளவுக்கு அன்பு.

ஒரு நாள் மாடியில் துணி காயப்போடும்போது அவள் மெதுவாகச் சொன்னாள்.

"ஏங்க, உங்ககிட்ட ஒண்ணு பேசணும். இங்க வேணாம்."

மளிகைக் கடை காலண்டரில் ஒரு சின்ன அருவி இருந்தது. கனகபுரா ரோட்டுப் பக்கம் என்றார்கள். ஞாயிற்றுக்கிழமை, வீடு விழிப்பதற்குள் கிளம்பினோம். சொல்லிவிட்டுக் கிளம்பினால் ஐந்து பேரும் புளிசாதம் கட்டிக்கொண்டு கூடவே வருவார்கள்.

முள்ளும் சரளைக்கல்லுமாக ஏறினோம். மேலே பாசி காய்ந்த பாறை இருந்தது. அருவி இல்லை.

படம் ஆகஸ்ட் மாதத் தாளில் இருந்தது. நாங்கள் போனது மே மாதம். டிப்ளமோ படித்தவன், காலண்டரில் படத்தை மட்டும் பார்த்திருக்கிறேன்.

வசந்தா பாறையில் இருந்த ஈரக் கசிவைத் தொட்டுப் பார்த்தாள். சிரிக்க ஆரம்பித்தாள். நிறுத்தவே இல்லை. அவள் வாய்விட்டுச் சிரித்து நான் கேட்டது அன்றுதான் முதல் தடவை.

பிறகு சொன்னாள்.

"நாளைக்கு கேஜிஎஃப் போறேங்க, அம்மா வீட்டுக்கு. சண்டையெல்லாம் இல்ல. உங்க வீட்டுல எல்லாரையும் எனக்கு நல்லாத் தெரியும். உங்களத்தான் யாருன்னே தெரியல. தனி வீடு பாத்துட்டு வந்து கூப்பிடுங்க. இல்லன்னா விட்டுடுங்க."

"இதச் சொல்லவா மலை ஏத்தின?"

"வீட்டுல சொன்னா உங்க அப்பா பதில் சொல்லியிருப்பாரு."

நியாயமான பயம்.

வெயில் சாயும் வரை பேசினோம். வேலை பார்க்கும் பொம்மசந்திராவிலேயே ஒரு ரூம் பார்க்கிறேன் என்றேன். பார்த்தேன். வீட்டில் அழுதார்கள், பிறகு பாத்திரம் கொடுத்தார்கள், பிறகு ஞாயிறுதோறும் எல்லோரும் வந்தார்கள். வசந்தாவும் வந்துவிட்டாள். நாங்கள் ஒருவரையொருவர் தெரிந்துகொண்டோம். அதற்குப் பல வருஷம் கிடைத்தது.

அவள் இறந்தபின் இது இரண்டாவது கோடை. இப்போது மூன்று பெட்ரூம் ஃபிளாட். குறுக்கே பேச யாரும் இல்லை. நேராகப் பேசவும் இல்லை. லிஃப்ட் மட்டும் கதவு மூடுவதை ஆங்கிலத்தில் தெரிவிக்கிறது.

போன ஞாயிறு அந்த இடத்துக்குப் போனேன். கேட், பார்க்கிங், டிக்கெட் எல்லாம் வந்துவிட்டது. தண்ணீர் மட்டும் இன்னும் வரவில்லை.

"ஒப்பரன்னே பிடல்ல சார்" என்றார் வாட்ச்மேன், கன்னடத்தில். தனி ஆளை விடமாட்டார்களாம், பாதுகாப்புக்காக. பின்னால் வந்த ஒரு தமிழ்க் குடும்பத்தோடு என்னைச் சேர்த்துவிட்டார்.

அதில் ஒரு புது ஜோடி இருந்தது. ஒவ்வொரு திருப்பத்திலும் இருவரும் கொஞ்சம் பின்தங்கினார்கள். ஒவ்வொரு திருப்பத்திலும் பையனின் அம்மா நின்றார்.

"டேய் பிரவீன்! அங்க என்னடா ரகசியம்? சேந்து வாங்க!"

நான் அந்த அம்மா பக்கத்தில் போய், டாக்டர் எனக்கு முழங்கால் ஆபரேஷன் சொல்லியிருப்பதைச் சொன்னேன்.

"ஐயோ, பண்ணிக்காதீங்க சார்! எங்க அக்காவுக்கு என்னாச்சு தெரியுமா?"

அக்காவுக்கு இரண்டு காலிலும் ஆகியிருந்தது. முதல் கால் முடிவதற்குள் நாங்கள் பாதி மலை ஏறிவிட்டோம். பின்னால் காலடிச் சத்தமே இல்லை. அந்த அம்மா திரும்பிப் பார்க்கவும் இல்லை.

"இன்னொரு கால் எப்படிங்க?" என்று கேட்டேன். ஒருவர் என்னோடு அவ்வளவு நேரம் பேசி ரொம்ப நாளாகிறது.