கேட்டைத் தட்டினால் எரியும் விளக்கு

ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்று என் வீட்டுக்காரர் கேட்டார். வளையும், முதுகுதான் கொஞ்சம் வலிக்கும் என்றேன். ஐம்பத்தொரு வயதில் ஈயம் பற்றவைக்கும் சால்டரிங் அயர்னைக் கையில் எடுத்தவள் நான். அதற்குக் காரணம் ஆர்வம் அல்ல, கோபம்.

மேனாம்பேட்டில் எங்கள் வீட்டு எமர்ஜென்சி விளக்கு ஒரு நாள் நின்றுபோனது. ரிப்பேர் கடைக்காரர் அதைக் கையில்கூட வாங்கவில்லை. “தூக்கிப் போட்டுட்டு புச்சா ஒண்ணு வாங்கிக்கம்மா. உள்ள இன்னா கீதுன்னு சொன்னா உனுக்குப் புரியவா போவுது?” என்றார். வீட்டுக்கு வந்த வேகத்தில் ஸ்க்ரூடிரைவரை எடுத்துத் திறந்தேன். பேட்டரியிலிருந்து ஒரு வயர் விட்டுப்போயிருந்தது, அவ்வளவுதான். முறுக்கி வைத்ததும் விளக்கு எரிந்தது. அன்று என் பவிசைப் பார்த்திருக்க வேண்டும். மறுநாளே அதைக் கொண்டுபோய் அந்தக் கடை வாசலில் எரியவிட்டுக் காட்டிவிட்டு வந்தேன்.

பிறகு எலக்ட்ரானிக்ஸ் சாமான் விற்கும் ரிச்சி தெருவுக்குப் போய் அயர்ன், ஈயக் கம்பி, கைநிறைய ரெசிஸ்டர் எல்லாம் வாங்கினேன். யூடியூபில் பார்த்துக் கற்றேன். விரல் இரண்டு முறை சுட்டது, சாப்பாட்டு மேசை ஒரு முறை கருகியது. ஈயம் பளபளவென்று வழிந்து படிந்தால் நல்ல இணைப்பு, உருண்டையாக நின்றால் மோசம். மூன்றே மாதத்தில் என் கைக்கு அது பிடிபட்டது. இதில் எனக்குத் தன்னடக்கம் ஒன்றும் கிடையாது, நன்றாகவே செய்கிறேன்.

இதற்கு நடுவில்தான் காட்டுப்பாக்கத்தில் அந்தச் சம்பவம் நடந்தது. அங்கே எங்கள் அம்மா தனியாக இருக்கிறாள். காது சரியாகக் கேட்காது. காது மிஷின் வாங்கிக் கொடுத்தோம், உள்ளே விசில் அடிக்கிறதென்று கழற்றி ஃப்ரிட்ஜ் மேல் வைத்துவிட்டாள். ஆனி மாதத்தில் ஒரு மதியம் ஆவடியிலிருந்து என் தம்பி வந்து அரைமணி நேரம் கேட்டைத் தட்டியிருக்கிறான். பதில் இல்லை. போனையும் எடுக்கவில்லை. பயந்துபோய் என்னை வரச்சொன்னான். நான் ஆட்டோ பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது பக்கத்து வீட்டு ஆள் ஒருவரும் அவனும் சுவர் ஏறிக் குதித்துக்கொண்டிருந்தார்கள். அம்மா உள்ளே நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தாள்.

தம்பி அங்கேயே முடிவெடுத்துவிட்டான். “அக்கா, இனிமே அம்மா தனியா இருக்கறது நடக்காது. ஆடி வரப்போவுது, அதுல ஊடு மாறக் கூடாது. ஆவணி பொறந்ததும் நான் இட்டுகினு போறேன்.”

“காது கேக்கலன்னா ஊட்ட வுட்டுத் தொரத்துவீங்களா?” என்றாள் அம்மா. அவன் வீடு மூன்றாவது மாடி. அங்கே அம்மாவுக்கு ஒரு ஆள் தெரியாது. இங்கே தெரு முழுக்க ஆள்.

எனக்கு ஒரு ஆடி மாதம் இருந்தது. இதற்காகத்தானே கற்றுக்கொண்டேன் என்று உட்கார்ந்தேன். கேட்டில் ஒரு பெல் ஸ்விட்ச். அதை அழுத்தினால் அடுப்படி, கூடம், பின்பக்கத் தொட்டியடி என மூன்று இடத்தில் வெள்ளை விளக்கு விட்டுவிட்டு எரியும். ஒரே நாளில் மாட்டி முடித்தேன். தம்பிக்கு வீடியோ எடுத்து அனுப்பி, “இப்ப இன்னா சொல்றே?” என்று வேறு கேட்டேன்.

ஒரு வாரம் கழித்து அம்மா சொன்னாள்: “அது ஒரு தபாகூட எரியலடி.”

எனக்கு ஆத்திரம் வந்தது. சர்க்யூட்டில் தப்பே இருக்க முடியாது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அம்மாவை அடுப்படியில் இருக்கச் சொல்லிவிட்டு, ஜன்னல் ஓரம் உட்கார்ந்து பார்த்தேன். கேஸ்காரர் வந்தார், ஸ்பேனரால் சிலிண்டரைத் தட்டினார். கீரைக்கார அம்மா குரல் கொடுத்தார். எதிர்வீட்டுப் பெண் கேட்டின் கொண்டியைப் பிடித்து மூன்று தடவை ஆட்டினாள். பெல்லை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. எங்கள் பக்கத்தில் பெல் அடிப்பவர்கள் கூரியர்காரரும் ஓட்டுக் கேட்டு வருகிறவர்களும்தான். அப்புறம்தான் எனக்கே உறைத்தது. அன்று காலை அதே பெல்லுக்கு முன்னால் நின்றுகொண்டு, மாட்டிய நானே கொண்டியைத்தான் ஆட்டியிருந்தேன்.

ஊர் பழக்கத்தை மாற்றுவதைவிட சர்க்யூட்டை மாற்றுவது சுலபம். நாணயம் அளவில் பீசோ தகடு என்று ஒன்று கிடைக்கும், அதிர்வு பட்டால் துளி மின்சாரம் கொடுக்கும். அதைக் கேட்டின் உட்பக்கம் ஒட்டினேன். கேட்டைத் தட்டினால் விளக்கு எரிந்தது. பூந்தமல்லி ரோட்டில் லாரி போனாலும் எரிந்தது. அன்று மாலைக்குள் அம்மா முப்பது தடவை வாசலுக்கு நடந்திருப்பாள்.

“உன் வெளக்கு வேலைக்கு ஆவாது, கழட்டிடு” என்றாள். அவள் கால் வலியில் சொன்னாள். கழற்றுவேனா நான்? லாரி போனால் கேட் ஒரே சீராக நடுங்கும். மனுஷர் தட்டினால் டக், டக், டக் என்று நடுவில் இடைவெளி விழும். இடைவெளி இருந்தால் மட்டும் விளக்கைப் போடு என்று ஒரு சின்ன போர்டுக்குப் புரோகிராம் எழுதிச் சொல்லிக்கொடுத்தேன். அதற்குப் பத்து நாள் ஆனது. தெருவில் போவோர் வருவோரையெல்லாம் கூப்பிட்டு எங்கள் கேட்டைத் தட்ட வைத்தேன். சிலிண்டர் சத்தத்துக்கும் கீரைக்கார அம்மாவின் குரலுக்கும் மட்டும் வழியில்லை. கீரைக்கார அம்மாவைக் கேட்டைத் தட்டச் சொன்னேன். கேஸ்காரரிடமும், “அண்ணாத்தே, சிலிண்டர வுட்டுட்டு கேட்டத் தட்டு” என்று சொல்லிவிட்டேன். கடைசியாக, செல்போனில் அதிருகிற குட்டி மோட்டார் நான்கை ஒரு சோப்பு டப்பாவில் அடக்கி, அதையும் இதோடு இணைத்தேன். தூங்குகிறவளுக்கு விளக்கு எப்படித் தெரியும்? தலையணைக்கு அடியில் வைத்துக்கொள் என்று கொடுத்தேன். அம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

ஆடி கடைசி ஞாயிறு தம்பி வந்தான். பெட்டி கட்டுவதற்குப் பெரிய பை இரண்டு கொண்டுவந்திருந்தான். அம்மா பின்பக்கம் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவன் வந்ததை நான் அவளுக்குச் சொல்லவில்லை, கூடத்திலேயே உட்கார்ந்திருந்தேன். அவன் கொண்டியை ஆட்டினான். விளக்கு எரிந்தது. அம்மா ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்தாள்.

“வர்றேன், வர்றேன். கேட்ட ஒடச்சிராத நைனா.”

தம்பி கொண்டியைப் பிடித்தபடியே நின்றான். பிறகு என்னைப் பார்த்து, “சரிக்கா, இங்கியே இருக்கட்டும்” என்றான். பையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டான். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

சாப்பாடு முடிந்ததும் அம்மா பாயை விரித்தாள். “இன்னாமா, ஒடம்பு சரியில்லியா?” என்று காதருகே கேட்டேன். கொஞ்ச நாளாக நான் போகும்போதெல்லாம் மதியத்தில் அவள் வாசலைப் பார்த்த நாற்காலியில்தான் இருப்பாள். காற்றுக்காக என்று நினைத்திருந்தேன்.

“நல்லாத்தான் கீறேன். நீங்க செவுரு ஏறிக் குதிச்ச நாள்லருந்து பகல்ல கண்ண மூடல. யார்னா வந்து தட்டிப் பாத்துட்டு, கெழவி செத்துட்டான்னு ஊரக் கூட்டிருவாங்களோன்னு வாசலயே பாத்துகினு குந்தினு இருந்தேன்.”

தம்பி தலையைக் குனிந்துகொண்டான். அம்மா தலையணைக்கு அடியில் கையை விட்டு, டப்பா இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டாள். பிறகு சுவர்ப் பக்கமாகத் திரும்பிப் படுத்து, ஐந்து மணிவரை தூங்கினாள்.